செஞ்சி பார்க்கப் போன வழியில்

சுதந்திரம் வந்த வருஷம் கார்த்திகை மாதத்தில், காணை வெங்கடாசலத்தின் மருமகள் தையல்நாயகி செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது திண்டிவனம். அங்கிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆனாலும் கல்யாணம் ஆகும்வரை அவளை யாரும் கூட்டிப்போகவில்லை. பத்தாவது வரை படித்தவள். வாசகசாலையிலிருந்து அண்ணன் கொண்டுவரும் பத்திரிகைகளில் பல்லவர், நாயக்கர், நவாப்பு என்று எதைக் கண்டாலும் விடாமல் படித்துவிடுவாள். கல்யாணம் பேசிமுடித்த பிறகு கணவனிடம் அவள் முதன்முதலாகக் கேட்டதே, "காணைலேருந்து செஞ்சி கிட்டக்கத்தானே?" என்பதுதான்.

கணவன் அரங்கநாதன் விழுப்புரம் ஜங்ஷனில் குமாஸ்தா. கேட்டு இரண்டு வருஷம் கழித்து லீவு கிடைத்தது. பஸ்ஸில் போனால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்று அப்பாவின் வில்வண்டியையே கேட்டு வாங்கினான். போகிற வழியில் மண்டகப்பட்டு, அதற்கு அப்பால் ஒரு குன்றுக் கோயில், இரவு செஞ்சியில் அவனுடைய சித்தி வீடு, மறுநாள் கோட்டை. இதுதான் திட்டம். வண்டி ஓட்டப் பூமாலை வந்தான்.

பூமாலை வெங்கடாசலத்தின் பண்ணையில் வேலை செய்தவன். அவனுடைய அப்பாவும் அங்கேதான் வேலை செய்தார். வீடு சேரியில். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான். பேசினால் பாதிப் பேச்சு மாடுகளைப் பற்றியதாக இருக்கும். வீட்டில் எல்லாரும் அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். தையல்நாயகி மட்டும் 'வா, போ' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதில் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. ஏரிகளெல்லாம் கரை தொட்டு நின்றன. மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சை மண்வாசனை வண்டிக்குள் வந்தது. தூரத்தில் பாறையாக அடுக்கி வைத்த குன்றுகள், யாரோ கூடையில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல. தையல்நாயகி வண்டிக் கூண்டின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் பூமாலையிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் "தெரியலைங்கம்மா" என்றான்.

மண்டகப்பட்டில் ஏரியை ஒட்டிய பாறையில் குடைந்த மண்டபம். வாசலில் இரண்டு காவல்காரச் சிலைகள், தடியை ஊன்றியபடி. அரங்கநாதன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரவல் வாங்கிவந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்துச் சொன்னான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் ஒரு ராஜா கட்டிய கோயில், பிரம்மா, சிவன், விஷ்ணு மூன்று பேருக்கும் மூன்று அறை.

பூமாலை வெளியே நின்றான்.

"நீயும் வந்து பாரு" என்றாள் தையல்நாயகி.

"கோயிலுங்களே."

"உள்ள சாமி இல்ல. மூணு ரூமும் காலி."

அவன் எட்டிப் பார்த்தான். "சாமியே இல்லியா? அப்ப சரி" என்று துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். தூணைத் தொட்டுப் பார்த்தான். அண்ணாந்து, வௌவால்களைப் பார்த்தான். "இம்மாம் பாறையை இப்பிடி வெட்டிக்கினு போயிருக்கானுங்களே. எத்தினி பேரு கை போயிருக்கும்" என்றான். தையல்நாயகிக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்ப வண்டி ஏறும்போது அவள் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாத்தீங்களா, நம்மளவிட அவன்தான் ஒழுங்காப் பாத்தான்." அரங்கநாதன் சிரித்தான். வெயில் ஏறாத காலை. எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

குன்றுக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது நெருங்கியிருந்தது. அடிவாரத்தில் ஒரு குளம், புளியமரங்கள், மேலே போகும் கல்படிகள். உச்சியில் பாறையைக் குடைந்த சன்னதியில் படுத்திருக்கும் பெருமாள். அதற்கு முன்னால் பிற்காலத்தில் கட்டிய மண்டபம். அன்று ஏதோ விசேஷம். பத்திருபது பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை விட்டு இறங்கும்போது அரங்கநாதன், "வண்டிகிட்டவே இரு பூமாலை. வந்துர்றோம்" என்றான்.

நாலு படி ஏறிய தையல்நாயகி நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"பூமாலை, நீயும் வா."

"வேணாங்கம்மா. நீங்க போய்ட்டு வாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"காட்டிட்டு வா. நாங்க நிக்கறோம்."

"அதுக்கில்லைங்கம்மா. இங்கல்லாம் நாங்க வர்றதில்லை."

"அதெல்லாம் பழைய கதை. இப்பச் சட்டமே வந்தாச்சு. எந்தக் கோயிலுக்கும் யாரு வேணா போலாம். மெட்ராஸ்ல முதல் மந்திரியா இருக்கறவரே நம்ம ஓமந்தூர்க்காரரு."

பூமாலை அரங்கநாதனைப் பார்த்தான். அரங்கநாதன் படியைப் பார்த்தான். மனைவி படித்தவள், சொல்வதும் சரிதான், அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. இப்படித்தான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

"வரலைங்கம்மா" என்றான் பூமாலை மறுபடியும்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் தையல்நாயகி. கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் அவன் அதற்கு மேல் மறுத்துச் சொல்ல முடியாதபடி கேட்டாள். "நாங்கதான் இருக்கறோமே. இன்னா ஆயிடும்?"

அவன் மாடுகளைக் கட்டிவிட்டுக் குளத்தில் கால் கை கழுவிக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பத்துப் படி பின்னாலேயே ஏறினான்.

மேலே மண்டபத்தில் கூட்டத்தோடு நின்றபோது தையல்நாயகி அடிக்கடி திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டாள். அவன் தூணுக்குப் பக்கத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல நின்றிருந்தான். திரை விலகிக் கற்பூரம் காட்டியபோது அவன் கைகள் தலைக்கு மேல் போயின. அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்த தையல்நாயகிக்குக் கண் கலங்கியது. நாம் செய்த காரியம் என்று நினைத்தாள். இதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள்.

பூமாலையை அடையாளம் கண்டுகொண்டவர் ஒரு மல்லாட்டை வியாபாரி. வருஷா வருஷம் காணைக்கு வந்து வெங்கடாசலத்தின் களத்தில் மூட்டை எடுப்பவர். கூட்டம் கலையும்போது அவர் பூமாலையின் முன்னால் வந்து நின்றார்.

"நீ காணை சேரி ஆள் தானே? மூட்டை தூக்கிவிட்டியே, பூமாலைதானே உம் பேரு?"

அவர் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜனங்கள் பூமாலையைச் சுற்றி விலகினார்கள். அப்புறம் சுற்றி நெருங்கினார்கள். யாரோ போய்த் தர்மகர்த்தாவைக் கூட்டிவந்தார்கள். பருத்த, நிதானமான மனிதர். வந்ததும் முதலில் அரங்கநாதனிடம்தான் பேசினார்.

"தம்பி, நீங்க வெங்கடாசலத்தோட பையன்னு சொல்றாங்க. உங்கப்பாவை நான் நல்லா அறிவேன். இவன் உங்க ஆளா?"

"ஆமாங்க. வண்டி ஓட்டியாந்தான்."

"யாரு மேல கூட்டியாந்தது?"

தையல்நாயகியின் வாயில் பதில் இருந்தது. சட்டம் இருந்தது, ஓமந்தூர்க்காரர் இருந்தார், படித்த கட்டுரைகளெல்லாம் இருந்தன. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து நின்ற ஒரு கிழவி அவளுடைய தாலியையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிகிட்ட நிக்கச் சொல்லிட்டுத்தாங்க நாங்க வந்தோம்" என்றான் அரங்கநாதன்.

அது பொய்யில்லை. இறங்கும்போது அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

தர்மகர்த்தா தையல்நாயகியின் பக்கம் திரும்பினார். "அப்பிடியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

பூமாலை ஒரு கணம் அவளைப் பார்த்தான். உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டான். "தெரியாம வந்துட்டேங்க" என்றான். "அவங்க சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன்."

அடிக்கவில்லை. அடிக்கக்கூடாது, சட்டம் கிட்டம் என்று வந்து நிற்பார்கள் என்று தர்மகர்த்தாவே சொன்னார். கீழே கொண்டுபோய், குளக்கரைச் சரளையில் கோயிலைப் பார்த்தபடி குப்புற விழச் சொன்னார்கள். மேலே தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்து முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. துண்டு தோளில் இருக்கக் கூடாது. அவன் விழுந்தான்.

அரங்கநாதனையும் தையல்நாயகியையும் பாதிக் குன்றிலிருந்த கல்மண்டபத்தில் நிழலாக உட்காரவைத்தார்கள். வெங்கடாசலத்தின் மகனும் மருமகளும் பட்டினியாகப் போகலாமா என்று தர்மகர்த்தா புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் இலையில் கொடுத்தனுப்பினார். அங்கிருந்து பார்த்தால் குளக்கரை தெரிந்தது. வெயிலில் ஒரு மனிதன் கவிழ்ந்து கிடப்பதும் தெரிந்தது. மாடுகள் அவனைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"சாப்பிடு" என்றான் அரங்கநாதன் தாழ்ந்த குரலில். "சாப்பிடலைன்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்க."

அவள் சாப்பிட்டாள். பொங்கலில் நெய் அதிகமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது. அது ருசியாக இருந்ததை அவளால் பிறகு எத்தனையோ காலம் மறக்க முடியவில்லை. அவள் செய்ததில் எல்லாவற்றையும்விட அதுதான் கேவலம் என்று சில நாள் தோன்றும். இல்லை, தலையாட்டியதுதான் என்று சில நாள் தோன்றும்.

பூமாலை எழுந்து வந்தபோது நெற்றியிலும் மார்பிலும் சரளை பதிந்த தடங்கள் இருந்தன. அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வண்டி பூட்டினான். வண்டி செஞ்சிக்குக் கிளம்பியது. காலையில் அவள் கேள்வி கேட்டுக்கொண்டு வந்த அதே இடத்தில், வண்டியின் பின்பக்கம், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கோட்டைக்குப் போகாமல் திரும்பிவிடலாம் என்று அவள் சொன்னாள். சித்தி வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டான் அரங்கநாதன். போனார்கள்.

எத்தனையோ நாள் மனசுக்குள் ஏறி இறங்கிய கோட்டை. மூன்று குன்றுகள், அவற்றைச் சேர்த்து வளைத்துப் போகும் மதில்கள், மாடிமேல் மாடியாகக் கல்யாண மகால், யானை குளிக்கும் குளம், நெற்களஞ்சியம். மழை நீர் பாறைகளில் பட்டையாக வழிந்து மின்னியது. அரங்கநாதன் நிறுத்தாமல் பேசினான். எந்த ராஜா, எந்த நவாப்பு, எந்தச் சண்டையில் எத்தனை நாள் முற்றுகை என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்தான். அவன் குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. ராஜகிரியில் ஏறி, பிளவுக்குக் குறுக்கே போட்ட பாலத்தைக் கடந்து உச்சிக்குப் போனபோது அவன் பேச்சு நின்றது. மூச்சு வாங்கக் கல்மேல் உட்கார்ந்தான்.

"அங்க நான் இன்னா பண்ணியிருக்க முடியும்?" என்றான் திடீரென்று. அவள் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"நான்தானே கூப்பிட்டேன்" என்றாள் அவள்.

"நீ கூப்பிட்டே. நான் சும்மா இருந்தேன். சரி, விடு."

கீழே ஊரும் வயலும் ஏரிகளும் விரித்துப்போட்டதுபோல் கிடந்தன. அவள் அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் கண் அதில் நிற்கவில்லை. கோட்டை வாசலில் வில்வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தது. பக்கத்தில் எறும்புபோல ஒருவன் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான்.

இறங்கி வந்ததும், கணவன் இளநீர் வாங்கப் போன சமயம் பார்த்து, அவள் வண்டிக்கருகே போனாள்.

"பூமாலை, நேத்து நான்..."

"வலத்து மாட்டுக்கு லாடம் ஒண்ணு ஆடுதும்மா" என்றான் அவன், குளம்பிலிருந்து நிமிராமல். "திரும்பறப்ப மெதுவாத்தான் போவணும். ஐயாகிட்டச் சொல்லிடுங்க."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உணர்ந்ததும் முகம் சூடேறியது.

காணைக்குச் சேதி அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மல்லாட்டை வியாபாரி சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் ஊரார் கூடினார்கள். வெளியூர்க் கோயிலில் போய் நம் ஊர்ப் பேரைக் கெடுத்தவன், இங்கே நாளைக்கு எந்த வாசலில் வந்து நிற்பான் என்று பேசினார்கள். அவனுக்கு இனி யாரும் வண்டி கொடுக்கக் கூடாது, கொல்லையில் வேலை கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. வெங்கடாசலமும் அங்கே இருந்தார். சரி என்று வந்துவிட்டார்.

அன்று சோறு போடும்போது தையல்நாயகி மாமனாரிடம் சொன்னாள். ரசம் இலைக்கு வெளியே போயிற்று.

"மாமா, பூமாலை தானா வரலை. நான்தான் வா வான்னு கூப்பிட்டேன். ரெண்டு வாட்டி மாட்டேன்னான்."

வெங்கடாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரியும்மா" என்றார். "அவன் தானாப் போற ஆளா? அவங்கப்பன் காலத்துலேருந்து பாக்கறேன்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கினு வந்தீங்க?"

"பின்ன? எம் மருமவதான் கூட்டிக்கினு போனான்னு அங்க சொல்லச் சொல்றியா? உன்னை இன்னா பேசுவாங்க, உங்கப்பாவை இன்னா பேசுவாங்க? அவன் தன்மேல போட்டுக்கினது நல்லதாப் போச்சு. இதோட விடு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். மோர் கேட்டார்.

இரண்டு நாள் அவள் விட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் பகலில், கணவன் விழுப்புரத்துக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு, வாய்க்காலைத் தாண்டிச் சேரிக்குப் போனாள். அந்த வீட்டு மருமகள் யாரும் அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. பூமாலையின் மனைவி முனியம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"அவரு இல்லைங்க. விழுப்புரம் ஸ்டேஷன்ல கரி ஏத்தற வேலை கேட்டுக்கினு போயிருக்காரு."

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன். கோயிலுக்கு அவனை நான்தான் கூப்பிட்டேன், முனியம்மா."

முனியம்மாள் அவளையே பார்த்தாள். "அவரு என்கிட்டச் சொல்லலை" என்றாள். "புத்தி கெட்டுப்போய் ஏறிட்டேன்னாரு. நானும் நல்லாத் திட்டிட்டேன்."

"வரமாட்டேன்னு சொல்லியிருப்பாரே."

"சொன்னான்."

"அப்புறம்?"

"பயமான்னு கேட்டேன்."

முனியம்மாள் கையிலிருந்த கொட்டையை முறத்தில் போட்டாள். "ஏம்மா, அவரு பயந்தாரு. அதான் வரலைன்னாரு. பயப்பட வேண்டிய எடம் அவருக்குத் தெரியும். நீங்க அங்க எதுக்குப் பயந்தீங்க? நான்தான் கூப்பிட்டேன்னு சொன்னா உங்களைக் குப்புறப் போட்டிருப்பாங்களா?"

போடமாட்டார்கள். புளியோதரை கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

"இங்க வந்து என்கிட்டச் சொல்லி இன்னா ஆவுது?" என்றாள் முனியம்மாள். "சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க."

தையல்நாயகி அங்கிருந்து நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள். ஊர்ப் பெரியவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அவள் நின்று சொன்னாள். முழுவதும் சொன்னாள். கூப்பிட்டது நான், அவன் மறுத்தான், நான்தான் விடவில்லை, கேட்டபோது பொய்யாகத் தலையாட்டினேன்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். பெரியசாமி என்கிற கிழவர் மட்டும் மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "வெயில்ல வந்திருக்கு பொண்ணு. யாராவது போய் வெங்கடாசலத்தைக் கூட்டிக்கினு வாங்க. வீட்டுக்கு அழைச்சிக்கினு போவட்டும்."

வெங்கடாசலம் வந்து கூட்டிப்போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. ஊரில், மருமகளுக்குக் கொஞ்சம் சித்தம் சரியில்லை, அந்தக் குன்றில் ஏதோ பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். பூமாலைமேல் சொன்ன தீர்ப்பு மாறவில்லை. தை பிறந்ததும் அவனும் முனியம்மாளும் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்விட்டார்கள்.

மறு வருஷம் அரங்கநாதன் விழுப்புரத்திலேயே வீடு பார்த்துத் தையல்நாயகியை அழைத்துக்கொண்டான். ஒரு நாள் திண்டிவனத்துக்குப் போக அவள் ஸ்டேஷனுக்கு வந்தபோது பிளாட்பாரத்தின் கோடியில் பூமாலையைப் பார்த்தாள். தலையில் சும்மாடு, உடம்பெல்லாம் கரித்தூள். அவன்தான் முதலில் பேசினான்.

"சௌக்கியமா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். பன்மை தானாக வாயில் வந்தது. வந்தபிறகு அது அவளுக்கே போலியாகக் கேட்டது.

"இருக்கறேங்க. முனியம்மாவும் இங்கதான் வேலை செய்யறா."

அதோடு போய்விட்டிருக்கலாம். அவளால் போக முடியவில்லை.

"வேப்பமரத்தடில நான் எல்லாத்தையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா?"

கேட்ட உடனே அவளுக்கு உடம்பு கூசியது. இவன் என்னைப் பற்றி நல்லதாக நினைக்க வேண்டும் என்று இந்தப் பிளாட்பாரத்தில் நின்று கேட்கிறேனே என்று நினைத்தாள். சேரிக்குப் போனதும், மரத்தடியில் நின்றதும்கூட இதற்குத்தானோ என்று சந்தேகம் வந்தது.

"முனியம்மா சொன்னா" என்றான் பூமாலை.

அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தான்.

"வண்டி வருதும்மா. தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தான்.